பெரிய மீனா, சின்ன மீனா

அன்புள்ள அதெலினோவுக்கு,

பாத்திமா மாதா கிருபையில் நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? நம் மகள் கிராசா சளி மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாளா?

இங்கே நார்வேயில் ஒரு வேடிக்கை. எங்கள் கருவாட்டுத் தொழிற்சாலையில் உப்புப் போட்டுக் காயவைத்த பெரிய பக்கலாவ் மீன்களெல்லாம் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கின்றன. இந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு நம் போர்ச்சுகலில் எல்லோரும் சின்ன மீன்தான் கேட்கிறார்களாம். என்னோடு அடுக்குகிற நார்வேக்காரி தூருன் கேட்டாள்: "ஏண்டி தெயோலிந்தா, உங்க ஊர்ல எல்லாருக்கும் வயிறு சுருங்கிடுச்சா?"

"வயிறு இல்லடி, பயம். அமெரிக்காவுல பேங்கு விழுந்துச்சு, இப்போ கிரீஸ் ஆடுது, அடுத்தது நாங்கதான்னு டிவியில தினமும் சொல்றான்."

"எங்கேயோ பேங்கு விழுந்தா என் ஷிப்ட் ஏண்டி போகணும்?" என்றாள். வாரத்தில் இரண்டு நாள் வேலையைக் குறைத்துவிட்டார்கள். கவலைப்படாதீர்கள், ஓய்வு கிடைக்கிறது.

அன்று மாலைதான் உங்கள் கடிதம் வந்தது. போன கடிதத்தில் நான் சொன்னபடியே கடைக்காரரிடம் சின்ன மீன் போதும் என்று சொல்லிவிட்டதாகப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். நான் சொன்னதில் தப்பில்லை. நம் தெருவில் எல்லா வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை.

பெரியதையே வாங்குங்கள் என்று எழுத உட்கார்ந்தேன். கிராசாவின் படிப்புச் செலவு கண்முன் வந்து நின்றது. வாங்க வேண்டாம் என்றால் என் வேலை போகும். ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். மாதாவிடம் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

நம் கோயில் காலண்டர் ஒன்று அனுப்புங்கள். இங்குள்ளதில் புனிதர்களின் திருநாள் கிடையாது. இன்று யாருடைய நாள் என்று தெரியாமல் எழுந்திருப்பது என்னவோ போலிருக்கிறது.

தபால்காரர் வந்துவிட்டார். மீன் விஷயத்தில் உங்களுக்குத் தோன்றியபடி செய்யுங்கள். என்னை மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள்
தெயோலிந்தா