குண்டூசிக்குக் கூலி

மே 4
என் தையல் அறையில் இன்று முதல் இரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. விடுமுறை விட்டதிலிருந்து "அம்மா, காசு குடு" கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. சம்பாதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பெரியவள் தைத்த துணியில் பிசிறு நூல் வெட்ட வேண்டும்; துணிக்கு ஒரு நாணயம். சின்னவன் காந்தத்தை வைத்துத் தரையில் கிடக்கும் குண்டூசிகளைப் பொறுக்க வேண்டும். பத்து ஊசிக்கு ஒரு நாணயம்.

"சும்மாவும் வாங்கக் கூடாது, சும்மாவும் உழைக்கக் கூடாது" என்று பிரசங்கம் வேறு. இவர் கதவோரம் நின்று சிரித்தார். சிரிக்கட்டும்.

மே 6
சின்னவனுக்கு இன்று நல்ல வசூல். இத்தனை ஊசியை நானா கீழே போடுகிறேன்?

மே 7
கையும் களவுமாகப் பிடித்தேன். ஊசி டப்பாவைத் தரையில் கவிழ்த்துவிட்டு, காந்தத்தோடு உட்கார்ந்திருக்கிறான்.

"கீழ வேலையே இல்லம்மா. நான் என்ன பண்றது?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டுவது பெரிய வேலை. அதற்கு யார் கூலி தருவார்கள்? இனிமேல் ஊசிக் கணக்கு கிடையாது, தரை சுத்தமாக இருந்தால்தான் காசு.

மே 11
நாத்தனார், இவருடைய அக்கா, ஒரு பை துணியோடு வந்தார். தன் மூன்று பெண்களுக்கும் ஆளுக்கு இரண்டு கவுன். "நம்ம வீட்டுப் பிள்ளைங்கதானே, சாவகாசமா தச்சுக் குடு. இருபதாந்தேதி ஊருக்குப் போறோம்."

என்ன சாவகாசமோ! வழக்கம்போல இதற்கும் கூலி கிடையாது. நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். நூல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவள் தலையை நிமிர்த்தி, "கவுனுக்கு நூத்தம்பது, அத்தை. லைனிங் வெச்சா தனி" என்றாள்.

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. "பிள்ளைய நல்லாத்தான் வளத்திருக்கே."

அவர் போனதும் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். சொந்தக்காரங்ககிட்ட யாராவது கூலி கேப்பாங்களாடி, என் மானத்த வாங்கிட்டியே... அவள் குனிந்து நூலை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

மே 14
கழுத்து திரும்பவில்லை. காசு கொடுக்கிறவர்களின் துணி பிரிக்காமலே கிடக்கிறது.

மே 16
ஐந்து கவுன் முடிந்தது. எல்லாவற்றிலும் பிசிறு வெட்டியது பெரியவள்தான். சாயங்காலம் சம்பளம் நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

"வேணாம்மா."

"ஏன்டி?"

"நீ எனக்குச் சொந்தம்தானே. சொந்தக்காரங்ககிட்ட கேட்டா மானம் போயிடும்."

கோபத்தில் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

நான்தானே சொல்லிக் குடுத்தேன்? நாளைக்கு இவளும் யாருக்கோ கழுத்து ஒடியத் தச்சுக்கிட்டு, வாயத் தொறக்காம — ஐயோ, வேணாம். அழுகை வந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே துடைத்துக்கொண்டேன்.

மே 17
"நான் அக்காகிட்ட பேசட்டுமா?" என்றார் இவர். வேண்டாம், தைத்தது நான்.

மே 20
ஆறு கவுனையும் வரிசையாக மாட்டி வைத்திருந்தேன். நாத்தனார் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"அண்ணி, ஆறுக்கும் சேத்து தொள்ளாயிரம். லைனிங்குக்கு வாங்கல."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருக்கணும் அண்ணி. பயமா இருந்துச்சு."

பாதியைக் கொடுத்தார். மீதி ஊரிலிருந்து வந்த பிறகாம். காபி வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். கொஞ்ச நாளைக்குப் பேச மாட்டார் என்று நினைக்கிறேன். போகட்டும்.

மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெரியவள் எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"ஆறு கவுன்மா. அன்னைக்கு வேணாம்னதும் சேத்து."

எண்ணிக் கொடுத்தேன். ஒன்று குறைகிறது என்று திரும்ப எண்ணச் சொன்னாள்.