மாஷியின் வாசலில் ஒரு செம்பு கஞ்சி

என் அருமை அப்பாவுக்கு,

போன வாரம் நம் தீவுக்கு மெயின்லேண்ட் கப்பல் வந்தது. பத்திரிகைக் கட்டைப் பிரித்து, நீங்கள் செய்வதுபோலவே தேதிப்படி அடுக்கி, நாளுக்கு ஒன்றாகப் படிக்கிறேன். ஒரே ஒரு நாள் முறையை மீறிவிட்டேன். கோபிப்பீர்களா?

போர்க்காலத்தில் பிரிட்டனை ஆண்ட பிரதமர் இறந்துவிட்டாராம். ரேடியோவில் கேட்ட தலைமையாசிரியர், அவருடைய அழியாப் புகழைப் பற்றிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிக்கக் கட்டுரை எழுதச் சொன்னார். நன்றாக வாசித்தால் மெயின்லேண்டில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கு என்னை அனுப்புவாராம். அதனால் அடியிலிருந்த பத்திரிகையை முதலில் உருவினேன். மாவீரர், மேதை, உலகைக் காத்தவர் என்று இருந்ததையெல்லாம் எழுதிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு வங்காளச் சித்தி, நம் மாஷி, சோறு வடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இந்தியில் வாசித்துப் பழகினேன். பாதியில் நிறுத்தினார்.

"பேட்டி, ஹமாரா சாவல் கஹாங் கயா, வோ பீ லிகா ஹை?"

மகளே, எங்கள் அரிசி எங்கே போனது, அதையும் எழுதினாயா என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்.

அந்தப் போர்க்காலத்தில் வங்காளம் பட்டினியில் செத்தபோது, தானியக் கப்பல் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார்களாம். அந்தப் பெரிய மனிதர் மனம் இரங்கவில்லை. மாஷியின் தம்பி வீடு வீடாகப் போய்ச் சோறுகூடக் கேட்கவில்லை, வடித்த கஞ்சியைத்தான் கேட்டான். கிடைக்காமலே செத்தான்.

மாஷி இன்றும் கஞ்சியைக் கொட்டுவதில்லை. செம்பில் ஊற்றி வாசலில் வைக்கிறார். ஆபீஸ் விட்டு வந்ததும் நீங்கள் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பீர்கள். நம் வீட்டில் சோறில்லையா என்று நான் மானம் போனதுபோல் சண்டை போட்டேன். "யாராச்சும் வந்து கேட்டாத்தாம்மா அவங்களுக்குத் தூக்கம் வருது" என்றீர்கள். முழுவதையும் அன்றே சொல்லியிருக்கக் கூடாதா?

கூட்டத்தில் என் கட்டுரை இப்படித்தான் தொடங்கியது: அவர் விட்டுச்சென்றது எங்கள் பக்கத்து வாசலில் ஒரு செம்பில் இருக்கிறது. அடுத்த வரிக்குள் தலைமையாசிரியர், "பஸ், பைட்டோ" என்று, போதும் எனச் சொல்லி உட்காரவைத்துவிட்டார். போட்டிக்கு வேறொருத்தி கப்பலேறுகிறாள். அழுதேன், பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த வரியை அடிக்கவில்லை.

நீங்கள் எங்களைவிட்டு ஒரேயடியாகப் போனபிறகு அந்தச் செம்பை யாரும் கேட்கவில்லை, அப்பா. நேற்று நான் போய்க் கேட்டேன். மாஷி உப்புப் போட்டுக் கொடுத்தார். இனி தினமும் சாயங்காலம் நான் போவேன்.

அன்று உங்களோடு சண்டை போட்ட,
உங்கள் மகள்.