பாதம் தேய்ந்த புத்தர்

என் ஆருயிர் மச்சான் கமாலுக்கு,

நீ மவுத்தாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. துபாய் அல் கூஸ் கிடங்கில் நீ சாமான்களைப் பெட்டியில் கட்டிய மேஜையில் இப்போது நான்தான் நிற்கிறேன். இப்படிப் பாதியில் விட்டுப்போனாயே என்று உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. செத்துப்போனவனிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது?

இன்று காலை ஒரு முழ உயரத்தில் நின்ற கோல வெண்கலப் புத்தர் வந்தார். பில்லில் 'புதிய அலங்காரப் பொருள்' என்றிருந்தது. துணியைப் பிரித்தால் உச்சந்தலையில் நம் நாகப்பட்டினத்துப் பழைய புத்தர்களுக்கு இருக்கிற தீக்கொழுந்து வடிவம், மடிப்புகளில் காய்ந்த மண். பாதங்கள் இரண்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. அலங்காரப் பொருளின் காலை யாரடா தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார்கள்?

நீயும் இதே மாதிரி ஒன்றை அனுப்பிவிட்டு, ரூமில் சோறு இறங்காமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாயே!

"அந்தக் காலத்துல நம்ம நாகப்பட்டினத்துல, கப்பல்ல வந்த யாவாரிங்களுக்காகப் புத்தர் கோயிலே இருந்துச்சுடா செல்வம். சுமத்ரா, சீனான்னு யாவாரத்தோடயே அவரும் ஊர் ஊராப் போனாரு. நானும் யாவாரி வூட்டுப் புள்ளதான். பொய்க் கையெழுத்துப் போட்டு அவரத் திருட்டுச் சாமானா ஏத்தி வுட்டுட்டேன்" என்றாய்.

"வுடு மச்சான், நமக்கெதுக்கு வம்பு" என்றேன் நான்.

உள்ளே இருப்பது என்னவென்று பெட்டி கட்டுகிறவன்தானே எழுதிக் கையெழுத்திட வேண்டும்? சூப்பர்வைசர், நம் தமிழ் ஆள்தான், படிவத்தை நீட்டினார்.

"யல்லா, சீக்கிரம் புதுசுன்னு எழுது."

"பழசுண்ணே இது. பாதத்தப் பாருங்க."

"ரொம்பப் பேசாத. எழுதலேன்னா விசா கேன்சல், கலாஸ், அவ்வளவுதான்!"

என் மூத்த மகளைக் காலேஜில் சேர்க்கிற நேரம் இது. என் இடத்தில் நீ இருந்தால் இந்தத் தடவை என்ன செய்திருப்பாய்?

'பழைய வெண்கலப் புத்தர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் பிடுங்கிக் கிழிப்பதற்குள் போட்டோ எடுத்துச் சுங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். இப்போது ஆபீஸ் அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு வண்டி வந்து நிற்கிறது. சுங்க ஆளா, கம்பெனி ஆளா, தெரியவில்லை.

யார் மிரட்டினாலும் எழுதியதை மாற்ற மாட்டேன். ஊருக்கு அனுப்பினால் முதலில் உன் வீட்டுக்குத்தான் வருவேன். உன் மகளிடம், "உங்க வாப்பா அன்னிக்கு அழுதாரும்மா. சும்மா இருன்னு வாய அடைச்சவன் நான்தான்" என்று சொல்லிவிடுவேன்.

உன் மச்சான்,
செல்வம்