பச்சையில் நின்ற நாடா

ஜூன் 3
பதினேழு வீடு ஏறி இறங்கியதில் முழங்கால் கழன்றுவிட்டது. ஆனால் குழந்தைகளின் கையை அளந்து சத்துக்குறைவைக் காட்டும் நாடா இந்த மாதம் யாருக்கும் சிவப்புக் காட்டவில்லை. தையல்காரியின் இரண்டு வயது மகள் போன மாதம் மஞ்சள், இப்போது பச்சை. குச்சியாக இருந்தவள் கன்னம் உப்பி உட்கார்ந்திருக்கிறாள். பூசணி என்று பெயர் வைத்தேன். சிரிக்கவில்லை, மகா கர்வி.

சரியாகச் சாப்பிடுவதில்லை, ஒரே சிணுங்கல் என்றாள் தையல்காரி. "நாடா பொய் சொல்லாது. பேசாம மெஷினை மிதி" என்றேன்.

ஜூன் 9
ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டுமா என்று தையல்காரி வாசலில் நிறுத்திக் கேட்டாள். பச்சைக்கு எதற்கு ஆஸ்பத்திரி, ஒரு நாள் வேலை கெடும் என்று நான்தான் தடுத்தேன்.

ஜூன் 10
மழை. எங்கும் போகவில்லை.

ஜூன் 14
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளாம். கோபம் வந்தது.

ஜூன் 15
பார்க்கப் போனேன். நர்சம்மா பூசணியின் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. அப்படியே நின்றது.

"இது சதை இல்ல, தண்ணி. சத்தில்லாம வீங்கியிருக்கு. இதுக்கு நாடா பச்சை கூடக் காட்டும். பயிற்சியில சொல்லலையா?"

சொன்னார்கள். 'இருபாத அழுத்தக்குழி வீக்கம்'. மனப்பாடம் செய்து எழுதி முழு மார்க் வாங்கினேன். அது என்னவென்று தெரியாது. கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பேன்?

ஜூன் 17
பிள்ளை இறந்துபோய்விட்டாள்.
பூசணின்னு கூப்பிட்டேனே — வீக்கத்துக்கா பேர் வெச்சேன்?

ஜூன் 30
பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இன்னும் பச்சை. மேற்பார்வையாளர் புரட்டிப் பார்த்து, சிவப்பே இல்லை, நல்ல வேலை என்றார். நடந்ததைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 8
முதல் வீட்டில் குழந்தையின் காலருகே குனிந்தேன். "காலையிலேயே அழுத்திப் பாத்தாச்சுக்கா, குழி விழல" என்றாள் அந்த வீட்டுப் பெண். யார் பார்த்தது என்று கேட்டேன். தையல்காரி. அடுத்த வீட்டிலும் அதே பதில். பதினைந்து வீட்டிலும் எனக்கு முன்னால் வந்து போயிருக்கிறாள். பால்காரர் வீடு மட்டும் காலையில் பூட்டியிருந்ததாம். அந்தக் குழந்தையின் இரண்டு பாதத்தையும் நான் அழுத்திப் பார்த்தேன். குழி இல்லை.

பதினேழாவது அவள் வீடு. வாசலில் நின்றே, பால்காரர் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னேன். மெஷினை நிறுத்தினாள். என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு பால்காரர் வீட்டுக்கு நடந்தாள்.