ஒரே வீட்டாருக்கு மட்டும்

ஏப்ரல் 5, ஞாயிறு
கடை மூடிப் பதினோராவது நாள். ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற எனக்கு, பெண்டாட்டி இரண்டு வாரமாகப் பெட்டி கட்டியது கண்ணில் படவில்லை. அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. எங்களுக்குள் மிச்சம் இருப்பது படகு ஒன்றுதான். சேர்ந்து வாங்கியது. யாருக்கு என்று முடிவாகாததால் ஞாயிறு காலையில் இருவருமே ஏரிக்குப் போகிறோம். அவள் துடுப்புப் போடுவாள். நான் அடியில் கசிகிற தண்ணீரைக் குவளையால் இறைத்தபடி, துடுப்பை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்குத் துடுப்புப் போடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இன்று படகுத்துறையில் புது அறிவிப்பு. தொற்று அடங்கும்வரை, ஒரே வீட்டில் வசிப்பவர்கள் மட்டுமே ஒரு படகில் சேர்ந்து போகலாம். இல்லையென்றால் தனியாக.

"ரெண்டு பேரும் ஒரே வீடா?" என்றார் துறைக் காவலர்.

நான் ஆமாம் என்றேன். அதே நொடியில் அவள் இல்லை என்றாள்.

நாங்கள் படகேறவில்லை. என் மானம் கப்பலேறியது.

ஏப்ரல் 12, ஞாயிறு
ஆளுக்கு ஒரு வாரம் தனியாகப் போவதென்று அவள் ஏற்பாடு. இன்று என் முறை. படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. துடுப்புப் போட்டால் தண்ணீர் ஏறுகிறது. இறைத்தால் படகு சுற்றுகிறது. ஊரில் யாருக்கும் வேலையில்லை, ஜன்னலுக்கு ஜன்னல் ஆள். கடைசியில் காவலர் கயிறு வீசி இழுத்தார்.

"இத்தனை வருஷமா ஓட்டினது அம்மாவா சார்?"

பதிலுக்குப் பலமாக இருமினேன். ஆறடி பின்னால் போய்விட்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு
அவளும் தண்ணீர் ஏறிப் பாதியில் திரும்பிவிட்டாளாம். கசிவை அடைக்கிற பட்டறையும் மூடல். சந்தோஷமாக இருந்தது. கேவலம்தான்.

ஏப்ரல் 22, புதன்
போன்.

"நான் அங்கயே வந்து தங்கிக்கறேன். படகுக்காகத்தான், புரியுதா?"

"புரியுது."

"பின்னாடி ரூம் எனக்கு. நீங்க அபிப்பிராயம் சொல்லக்கூடாது."

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தியும்."

மூன்றாவது தடவையாக வீட்டைப் பெருக்குகிறேன். எல்லாம் படகுக்காகத்தான்.

மே 10, ஞாயிறு
பதினெட்டு நாளாக ஓர் அபிப்பிராயம்கூட இல்லை. அவள் வெங்காயம் நறுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். ஏரியிலும் வாய் திறக்கவில்லை. படகு நேராகப் போனது. இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிருக்கும் போல.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கு என்றேன். உப்பே போடவில்லை. சோதிக்கிறாளோ?

மே 19, செவ்வாய்
பேப்பரில் நாலாம் பக்கம் - படகுக் கட்டுப்பாடு நீக்கம். யாரும் யாரோடும் போகலாம். அப்படியென்றால் அவள் இங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை. பேப்பரை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

ஊரே மூச்சு விடுற நாள்ல அழுகை வர்ற ஒரே ஆளு நான்தான். போகாதேன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன? - அதுவும் அபிப்பிராயம்தானே?

மே 20, புதன்
அரிசி டப்பா ஆபத்து. தினமும் சோறு பொங்குகிற வீடு. பேப்பர் இப்போது என் மெத்தைக்கு அடியில். ரேடியோவின் பேட்டரியையும் கழற்றிவிட்டேன்.

மே 24, ஞாயிறு
அறிவிப்புப் பலகையை அவள் பார்க்காதபடி மறைத்து நிற்கலாம் என்று முன்னால் ஓடினேன். பலகையே இல்லை.

"அதைச் செவ்வாய்க்கிழமையே எடுத்தாச்சே சார். அன்னைக்கே அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே," என்றார் காவலர்.

அவள் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நடு ஏரிவரை பொறுத்தேன்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

குவளையைக் கீழே வைத்தேன். "போகாதே. இது அபிப்பிராயம் இல்ல, கெஞ்சறேன்."

கொஞ்ச நேரம் துடுப்புப் போட்டாள். "தண்ணி ஏறுது. இறைங்க," என்றாள்.

இது என்ன பதில்?

மே 27, புதன்
மத்தியானம் அக்கா வீட்டிலிருந்து அவளுடைய தையல் மிஷின் வந்து இறங்கியது. மாடிப்படியில் நான்தான் தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. முன்னறை ஜன்னலோரம் வைக்கச் சொன்னாள். அங்கே சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். பேசாமல் வைத்தேன்.

என் முகத்தையே பார்த்தாள். "சரி, சொல்லுங்க. தொண்டையிலயே நிக்குது."

சொன்னேன். திரும்பவும் தூக்கினேன்.