தடுப்பூசிக்கு எதிராக நீ பேசிய ஏழு நிமிடங்கள்

கிடர்பூர், கொல்கத்தா
சித்திரை 5, ஞாயிறு, 2021

மகன் கதிரேசனுக்கு,

நானும் உன் அம்மாவும் இன்றுவரை காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இன்றி இருக்கிறோம். நீயும் மருமகள் சங்கரியும் சிகாகோவில் நலமாகவே இருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை, அதற்கான காரணத்தைக் கீழே எழுதுகிறேன். இம்மடல் அஞ்சலில் வந்து சேர ஒரு திங்கள் ஆகும், அவ்வளவு நாள் நமக்கு இல்லை. ஆகவே படம் பிடித்து உன் கைப்பேசிக்கு அனுப்புகிறேன். பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், அடுத்த அறையில் இருக்கும் உன் அம்மாவின் காதில் விழும்.

மாசியில் நீ பேசி அனுப்பிய ஏழு நிமிட ஒலிப்பதிவை நான் நான்கு முறை கேட்டேன். அவசரத்தில் பிறந்த மருந்து என்றாய், ஆய்வுக்கூடத்து எலிகளின் இடத்தில் ஏழை நாட்டு முதியவர்களை நிறுத்துகிறார்கள் என்றாய், ஓராண்டு பொறுத்திருங்கள் என்று முடித்தாய். நான்கு முறையும் நான் கேட்டது உன் தமிழை மட்டுமே. பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கு நான் பழக்கிய ஏற்ற இறக்கம் ஒன்றுகூடக் குறையவில்லை என்று மகிழ்ந்து, பொருளை ஒருமுறையும் எண்ணிப் பாராமல், இதுவன்றோ தமிழ் என்று ஒரு வரி சேர்த்து நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவைத்தேன். பிள்ளைகள் வீட்டிலேயே வங்காள மொழியில் சண்டை போடும் ஊரில் நல்ல தமிழைக் கேட்டால் நம்மவர்கள் மயங்கிப்போவார்கள் என்பதை நான் அறியாதவனா? ஹவுரா, கார்டன் ரீச் என்று வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது உன் பேச்சு. அந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது, அதைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டும் விட்டேன்.

பங்குனி முதல் ஞாயிறன்று சங்க மண்டபத்தில் தடுப்பூசி முகாம். அறுபது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், வந்தவர்கள் பதினொருவர். முதல் ஊசியை நானே போட்டுக்கொண்டு வாசலில் நின்று அழைத்தேன். எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் முத்தையா கல்லாவை விட்டு எழவில்லை. ஐயா, நீங்க மேடையில பேசுனா கைதட்டுறோம், அது வேற, ஊசின்னா உடம்புல்ல, அமெரிக்காவுல இருக்குற உங்க பிள்ளையே வேண்டாங்குறாரே, முதல்ல அவரை ஒத்துக்க வைங்க என்றார். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். வங்கியில் ஓய்வு பெற்ற வெங்கடராமன் மண்டபப் படி வரை வந்தவர், அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திரும்பிப் போனார். இன்று அவர் மருத்துவமனையில் உயிர்க்காற்றுக் குழாயோடு கிடக்கிறார். ஊசி போட்டிருந்தால் நோயே வந்திராது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அந்தப் படியில் அவரைத் திருப்பியது உன் பேச்சு.

உன் அம்மாவின் சர்க்கரை இருநூற்றெண்பதில் நிற்கிறது. மருத்துவர் இருமுறை சொல்லிவிட்டார், இந்த உடம்பில் நோய் புகுந்தால் தாங்காது என்று. நான் கெஞ்சியும் பார்த்தேன், சினந்தும் பார்த்தேன். பெத்த பிள்ளை அம்மாகிட்ட பொய் சொல்லுவானா, உங்களுக்கு மைக் கிடைச்சா போதும், நாளைக்கு ஊசியே வேண்டாம்னும் அடிச்சுப் பேசுவீங்க, அவன் போட்டுக்கட்டும், நானும் போட்டுக்குறேன் என்கிறாள்.

இனி அந்தக் காரணம். சென்ற வாரம் சங்கரி தன் முகநூல் பக்கத்தில் ஒரு படம் இட்டிருக்கிறாள். இருவரும் சட்டைக் கையை மடித்து, தோளில் ஒட்டிய பஞ்சைக் காட்டிச் சிரிக்கிறீர்கள். ஊருக்கு ஓராண்டு, உனக்கு இரண்டு திங்களா? அறியாமையால் அஞ்சுகிற முத்தையாவை நான் மன்னிப்பேன். அச்சத்தைப் பிறருக்குப் பங்கிட்டுவிட்டுக் காப்பைத் தனக்கு வைத்துக்கொண்டவனை எந்தச் சொல்லால் அழைப்பது என்று எனக்கே தெரியவில்லை. மனம் மாறியிருந்தால் அது நல்லதுதான், அதை உன் அம்மாவுக்கு ஏன் சொல்லவில்லை? வெட்கமா? உன் வெட்கத்துக்கு விலையாக நான் என் மனைவி சரோஜாவைத் தர மாட்டேன்.

அந்தப் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. அவளுக்கு இன்னும் காட்டவில்லை. புதன் காலை பத்து மணிக்கு எனக்கு இரண்டாம் ஊசி, அவளுக்கும் பெயர் பதிந்திருக்கிறேன். அதற்குள் நீ அழைத்து, நான் போட்டுக்கொண்டேன், அன்று சொன்னது தவறு, நீயும் போட்டுக்கொள் அம்மா என்று உன் வாயால் சொன்னால் அவள் மகிழ்ச்சியோடு வருவாள். நீ அழைக்காவிட்டால் படத்தைக் காட்டுவேன். அப்போதும் வருவாள், ஆனால் அதற்குப் பிறகு நலமாக இருக்கிறேன் என்று நீ சொன்னால்கூட அவள் நம்பமாட்டாள்.

உனக்கும் சங்கரிக்கும் என் வாழ்த்து உண்டு, சினம் அதைக் குறைக்காது. உங்கள் இரண்டாம் ஊசியின் நாளைத் தவறவிடாதீர்கள். இங்கே புதன் காலை பத்து மணி என்றால் அங்கே செவ்வாய் இரவு பதினொன்றரை. அதுவரை கைப்பேசியை அவள் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

உன் தந்தை,
மருதமுத்து