மலை ஏறாத வருடம்

உங்கள் குளிர்ச்சட்டையை இன்று காலைதான் முதன்முதலாகப் போட்டேன். மெல்பேர்னிலிருந்து வந்த உங்கள் மகள் வீட்டை ஒதுக்கும்போது, "அங்கிள், இது உங்களுக்குச் சரியா இருக்கும்" என்று தந்துவிட்டுப் போனாள். கோடை முடியும்வரை அலமாரியில் தொங்கியது. ஆக்லாந்தின் ஜூன் மாத மழை சன்னலில் அடித்த பிறகுதான் அதன் நினைவு வந்தது. கை கொஞ்சம் நீளம். மற்றபடி சரி. பையில் கைவிட்டபோது விரலில் ஒரு கம்பி சுற்றிக்கொண்டது. இழுத்துப் பார்த்தால், சுற்றுலாவில் நம் கழுத்தில் மாட்டிவிட்டார்களே, வழிகாட்டி பேசுவதைக் காதில் கேட்க ஒரு சின்னக் கருவி, அது.

கடைசி நாளன்று பேருந்தில் எல்லாரிடமும் அதைத் திருப்பி வாங்கினார்கள். "குடுத்தாச்சோ அண்ணை?" என்று நான் கேட்டேன். "குடுத்துட்டேன் தம்பி" என்றீர்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று ஊரெல்லாம் உங்களைப் பற்றிச் சொல்லித் திரிந்தவன் நான்.

உங்களை அண்ணை என்று கூப்பிட்டாலும் நமக்குள் பெரிய வயது வித்தியாசம் இல்லை. நீங்கள் திண்டுக்கல் பக்கம், நான் யாழ்ப்பாணம். பென்ரோஸில் ஒரே தொழிற்சாலை. நீங்கள் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள, நான் கிடங்கில் நின்றேன். பாட்டனி டவுன்ஸிலிருந்து ஒரே காரில் போய் ஒரே காரில் திரும்பினோம். சாலை நெரிசலில் எத்தனை அரசாங்கங்களை நாம் கவிழ்த்திருப்போம் என்று கணக்கில்லை. ஓய்வு பெற்ற பிறகும் நெரிசல் இல்லாத குறை ஒன்றுதான், கதை நிற்கவில்லை.

அக்கா, உங்கள் மனைவி, போன பிறகுதான் நின்றது.

அந்தச் சுற்றுலா அக்கா தேர்ந்தெடுத்தது. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையோரமாகப் பழைய ஊர்கள், கோட்டைகள், வைன் நிலவறைகள். வைனில் அவருக்கு ஒரு அக்கறையும் கிடையாது. தொலைக்காட்சியில் கோட்டை எதைக் காட்டினாலும் அவருக்கு ஒரே கோபம்தான் வரும். "சிம்மாசனத்தக் காட்டுறான், கத்தியக் காட்டுறான், ராஜா படுத்த கட்டிலக் காட்டுறான். இத்தன பேருக்கு யாரு சமைச்சா? அத ஒருத்தனும் காட்ட மாட்டேங்குறான்." இந்தப் பயணத்தின் கடைசிக் கோட்டையில் பழைய சமையல்கட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, போனால் இதற்குத்தான் போவேன் என்று நின்றார். இரண்டு இருக்கைகள் பதிவு செய்தீர்கள். மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு சாதாரண வியாழக்கிழமை, அவர் போய்விட்டார்.

நீங்கள் போகமாட்டீர்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நீங்களோ, அவர் இருக்கையில் என் பெயரை மாற்றிவிட்டு வந்து எனக்குத் தகவல் சொன்னீர்கள். நான் தயங்கினேன். என் மனைவி தயங்கவில்லை. "போட்டு வாங்கோ. அந்த மனுசன் சாப்பிடுறதே இல்லை. தனிய விட்டால் திரும்பி வராது" என்றாள். அவள் மிகைப்படுத்திப் பேசுகிறவள் அல்ல. அதனால்தான் பயந்துபோய்ப் பெட்டி அடுக்கினேன்.

முதல் விடுதியில் நமக்குக் கிடைத்தது தம்பதிகளுக்கான அறை. ஒரே கட்டில். துவாய்களை அன்னப்பறவைகளாக மடித்து, நடுவில் இதய வடிவத்தில் சாக்லேட் வைத்திருந்தார்கள். நீங்கள் அன்னத்தைப் பிரித்து முகம் துடைத்துக்கொண்டு, "யாரு இடப்பக்கம்?" என்று மட்டும் கேட்டீர்கள். உங்கள் குறட்டையைப் பற்றி அக்கா சொன்ன எதுவும் மிகை இல்லை.

மறுநாள் முதல் கோட்டை. பேருந்து அடிவாரத்தில் நின்றது. வழிகாட்டி உர்சுலா, உயரமான, சிவப்புக் குடை பிடித்த பெண், எல்லாரையும் வரிசைப்படுத்தினார். நீங்கள் இருக்கையை விட்டு எழவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்க தம்பி. எனக்கு வருஷம் முடியல. மலை ஏறக் கூடாது."

எங்கள் பக்கத்தில் துடக்கு, உங்கள் ஊர்த் தீட்டு, கழியும் வரை கோயிலுக்குப் போகமாட்டோம், அவ்வளவுதான். வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருடம் மலைக்கோயில் ஏறக்கூடாது என்ற உங்கள் ஊர் வழக்கத்தை நான் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அது பழனிக்குப் போகிறவர்களுக்கு என்று நினைத்திருந்தேன். ஜெர்மனிக்கும் செல்லும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அண்ணை, அது கோயில் இல்லை. கோட்டை. முருகன் அங்கை இல்லை."

"மலை மலைதான தம்பி."

உர்சுலாவிடம், இவருக்கு முழங்கால் சரியில்லை என்று சொன்னேன். நீங்கள் உடனே, முழங்கால் நன்றாக இருக்கிறது, மனைவி இறந்து ஒரு வருடம் ஆகவில்லை என்று ஆங்கிலத்தில் விளக்கினீர்கள். அவர், காதுக் கருவியை மட்டும் கழற்ற வேண்டாம், எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு தூரம் கேளுங்கள் என்றார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. நாங்கள் ஏறுவோம். நீங்கள் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, உர்சுலாவின் குரல் இரைச்சலாகி அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இறங்கி வந்ததும், "மேல என்ன இருந்துச்சு?" என்பீர்கள். சிம்மாசனம், கவசம், கட்டில் என்று நான் ஒப்பிப்பேன். "சமையல்கட்டு?" என்று அடுத்த கேள்வி வரும். முதல் இரண்டு கோட்டைகளில் நான் அதைப் பார்க்கவே இல்லை. மூன்றாவதிலிருந்து வேறொன்றையும் பார்க்கவில்லை.

நிலவறைகளுக்கு மட்டும் நீங்கள் எல்லாருக்கும் முன்னால் நின்றீர்கள். இறங்குவதற்குத் தடை இல்லை அல்லவா! பீப்பாய்கள், ஈரக் கல், புளித்த வாசனை. சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்த ஒரு நிலவறையில், இதுதான் எங்கள் செல்வம், இது இருந்தால்தான் காற்று சரியாக இருக்கும் என்று அதன் சொந்தக்காரர் சுவரைத் தடவிக் காட்டினார். நீங்கள் என் பக்கம் குனிந்தீர்கள். "நம்ம வாடக வீட்டுல இதே சுவருக்குத்தான் ஓனர்கூட மூணு வருஷம் சண்ட போட்டோம்." அக்கா போன பிறகு நீங்கள் சொன்ன முதல் பகிடி அது. இருட்டில் நான் ஒருவன் மட்டும் சிரித்தது மரியாதைக் குறைவாகப் போய்விட்டது. கொடுத்த வைனை முகர்ந்து பார்த்துவிட்டு என் கையில் தருவீர்கள். உங்கள் பங்கையும் குடித்தது நான்தான். அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

சாப்பாடு மட்டும் சரிவரவில்லை. தட்டில் இருப்பதைக் கரண்டியால் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவீர்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடியைக்கூடத் தொடவில்லை. என் மனைவி நாள்தோறும் தொலைபேசியில் கேட்பாள், நான் பேச்சை மாற்றுவேன்.

கடைசிக் கோட்டை. அக்காவின் கோட்டை. ஊர்ச் சந்தைச் சதுக்கத்துக்கு நேர் மேலே, பாறையில் ஒட்டவைத்த மாதிரி நின்றது. அன்று நான் விடுவதாக இல்லை.

"இதுக்காகத்தானே அவ பயணத்தையே எடுத்தவ. பாறைக்குள்ளாலை லிஃப்ட் போகுதாம். நீங்கள் ஏறத் தேவையில்லை அண்ணை, நிண்டால் போதும்."

நீங்கள் கோபப்படவில்லை. சிரித்தீர்கள்.

"அவ அப்பா தவறினப்ப ஒன் ட்ரீ ஹில்லுல நம்ம கம்பெனி பிக்னிக் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்பல்லாம் உச்சி வரைக்கும் காரு போகும். காருல உக்காந்துட்டுப் போறது ஏறுறது இல்லடின்னு நானும் சொன்னேன். கேக்கல. கீழயே அடுக்குச் சட்டிய வச்சுட்டு உக்காந்துட்டா. நான் மேல போய் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."

கோட்டையை அண்ணாந்து பார்த்தபடி தொடர்ந்தீர்கள்.

"நான் இத நம்புறேன்னு நினைக்காதீங்க தம்பி. எனக்கு ஒண்ணும் இல்ல. அவ நம்புனா. அவ சொன்னதுல ஒண்ணாவது முழுசாச் செஞ்சு முடிக்கணும்."

லிஃப்டில் மற்றவர்களோடு மேலே போனேன். போகும்போதே எனக்கு அழுகை வந்தது. அன்றுவரை சேர்ந்து வந்தும் ஒரு கோட்டையைக்கூட உங்களோடு சேர்ந்து பார்க்க முடியவில்லையே என்ற எரிச்சல்தான் இருந்தது. அன்றுதான் அக்காவும் அங்கே இல்லை என்பது உறைத்தது.

சமையல்கட்டுக்கு ஒரே ஒரு சன்னல். எட்டிப் பார்த்தேன். சதுக்கம் அப்படியே காலடியில் கிடந்தது. நீரூற்றுப் பக்கத்து பெஞ்சில் இந்தக் குளிர்ச்சட்டை. காதில் கருவி. நான் உர்சுலாவின் கையைப் பிடித்துச் சன்னலருகே இழுத்துக்கொண்டு போய், கீழே காட்டினேன். அவர் பார்த்தார். தன் சட்டையில் செருகியிருந்த ஒலிவாங்கியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"அண்ணை, கேக்குதே? கேட்டால் கையைத் தூக்குங்கோ."

உங்கள் கை உயர்ந்தது.

"அடுப்புக்குள்ளை ஒரு மாடு நிக்கலாம், அவ்வளவு பெரிசு. கூரை முழுக்கக் கரி, இன்னும் போகேல்லை. தண்ணிக்கு வெளியிலை போகத் தேவையில்லை, கிணறு உள்ளுக்கையே இருக்கு. அம்மி மாதிரி ஒரு கல்லுக் கிடக்கு, நடுவிலை தேஞ்சுபோய். அடுப்புக்கு மேலை பலகையிலை ஒரு தட்டு அடிச்சிருக்கு, சமைக்கிற ஆக்கள் அதிலைதான் படுக்கிறதாம். ஜன்னல் ஒண்டுதான். ஜன்னலாலை பாத்தால் நீங்கள் தெரியுறியள்."

எங்கள் குழுவில் இருந்த அத்தனை பேரின் காதிலும் யாழ்ப்பாணத்துத் தமிழ் போய்க்கொண்டிருந்தது. டௌரங்காவிலிருந்து வந்த ஒரு பெரியவர் கருவி பழுதாகிவிட்டது என்று அதைக் கழற்றித் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். உர்சுலா உதட்டில் விரல் வைத்து எல்லாரையும் பேசாமல் நிற்கச் செய்தார். நான் முடிக்கும்வரை நீங்கள் தூக்கிய கையை இறக்கவில்லை.

இறங்கி வந்தேன். வழக்கம்போல "மேல என்ன இருந்துச்சு" என்று நீங்கள் கேட்கவில்லை.

"ஒரே ஒரு சன்னலா?" என்றீர்கள். "பாவம், வெக்கையில வெந்திருப்பாளுக."

அது அக்கா சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். அன்று மாலை உருளைக்கிழங்கை இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டீர்கள், பருப்புப்பொடியைத் தாராளமாகத் தூவி. நான் கழிப்பறைக்குள் போய் நின்று என் மனைவிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

வருடத் திவசம் முடிந்த மறுநாளே நீங்கள் என்னை அழைத்தீர்கள். ஒன் ட்ரீ ஹில்லுக்கு இப்போது கார் உச்சிவரை போகாது. நடந்தோம். வழியெல்லாம் ஆடுகள். மாவோரி மக்கள் கோட்டையாக வைத்திருந்த மலை அது. மண்ணை வெட்டி அடுக்கிய படிகள் இன்றைக்கும் தெரியும். பாதி வழியில் சின்னச் சின்னப் பள்ளங்களுக்கு முன்னால் நின்றீர்கள். குமரா என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பாதுகாத்து வைத்த குழிகள் என்று பலகையில் எழுதியிருந்தது. பென்ரோஸிலிருந்து எத்தனையோ வருடம் அண்ணாந்து பார்த்த மலை, நாம் இருவருமே அந்தப் பலகையை அதுவரை வாசித்ததில்லை.

"கோட்டையும் இருக்கு, நிலவறையும் இருக்கு" என்றீர்கள். "சமையல் சாமான் வச்ச இடத்தக்கூட விட்டு வச்சிருக்காங்க. அவளுக்கு இத காமிக்கிறதுக்கு இங்கயே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

உச்சியில் நம் தொழிற்சாலைக் கூரை எது என்று தேடிவிட்டு இறங்கினோம்.

அதற்கடுத்த கோடையில் நீங்களும் போய்விட்டீர்கள். தூக்கத்தில், யாருக்கும் சிரமம் வைக்காமல். உங்களுக்கு உரிய காரியங்களை மகள் செய்தாள். நான் பூ எடுத்துக் கொடுத்ததோடு சரி. நான் சொந்தம் இல்லை. ஊர் வேறு, நாடு வேறு. எந்த வழக்கத்தின்படியும் உங்கள் சாவு என்னைத் தொடாது.

இந்தக் கருவி நீங்கள் பேசினால் கேட்காது, யார் பேசியதையும் பிடித்து வைத்திருக்காது. வாழ்நாளெல்லாம் இயந்திரங்களோடு இருந்த உங்களுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எடுத்துவந்திருக்கிறீர்கள். திருப்பி அனுப்ப வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை. வந்த பையிலேயே போட்டுவிட்டேன்.

ஞாயிறு காலைகளில் என் மனைவியும் அவளுடைய நடைக்கூட்டத்துப் பெண்களும் ஒன் ட்ரீ ஹில்லுக்குப் போகிறார்கள். காரோட்டுவது நான். மார்ச்சில் முதல் தடவை நான் அடிவாரத்திலேயே நின்றபோது அவளுக்குப் புரியவில்லை.

"உங்களுக்கென்ன விசரே? அவர் எங்கடை சொந்தமே? துடக்கே இல்லை."

"ஓம், இல்லை" என்றேன்.

"நீங்கள் இதுகளை நம்புறனீங்களும் இல்லை."

"ஓம்."

அவள் மற்றவர்களோடு ஏறிப் போய்விட்டாள். இறங்கி வந்தபோது, "மேலை என்ன இருந்தது?" என்று கேட்டேன். "என்ன இருக்கும், ஆடும் காத்தும்தான்" என்றாள்.

இன்று மழை கொஞ்சம் விட்டதும் போனோம். உங்கள் சட்டையோடு காரில் சாய்ந்து நின்றேன். அவள் இறங்கி வந்தாள், மூச்சு வாங்க, சப்பாத்தெல்லாம் சேறு. நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் தொடங்கிவிட்டாள்.

"குழியளுக்குள்ளை தண்ணி நிக்குது. கரையிலை புல்லு நல்லா முளைச்சிருக்கு. பலகை ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு, ஆரும் நிமித்தேல்லை..."

கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.